குறைந்த விலை டிரெட்மில் வாங்கப் போகிறீர்களா? வேலூர் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வேலூரில் பலருக்கு டிரெட்மில் முதலில் அறிமுகமாவது ஆஸ்பத்திரியில்தான். மார்பில் ஒயர்களை ஒட்டி நடக்கச் சொல்லி இதயத்தைச் சோதிக்கும் டி.எம்.டி. டெஸ்ட். வழக்கமான முறையில் அது மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கும். பிறகு 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். என் அப்பாவும் அப்படி ஒரு மெஷினில் நடந்துவிட்டு வந்துதான், "கைப்பிடி கொஞ்சம்கூட ஆடலப்பா, வீட்டுக்கு ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். மாசி வரை பிரச்சினை இல்லை. கோட்டை மைதானத்தில் விடியற்காலையில் நடந்துவிடுவார். கத்திரி வெயில் வந்தால் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுவது தெரிந்ததுதான். காலை ஏழு மணிக்கே சட்டை நனைந்துவிடும். அதனால் 19,000 ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்கினோம். பெட்டியில் பெரிய எழுத்தில் 4 ஹெச்.பி. என்று போட்டிருந்தது. ஐந்தாவது மாதம் ஒருநாள் அப்பா நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. பெல்ட் சடாரென்று நின்று, அவர் முன்பக்கக் கம்பியில் மார்பு இடிக்க விழுந்தார். நல்லவேளை, கன்றிப்போனதோடு தப்பித்தார். கரண்ட் திரும்ப வந்தபோது மோட்டாரை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு எரிந்து போயிருந்தது.

அடுத்த மெஷினுக்கு நானே டேப்பும் நோட்டுமாகக் கடை கடையாக ஏறினேன். அதற்கப்புறம் சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர்கள், காட்பாடியில் இருக்கும் சித்தி, ஆற்காட்டில் மாமா என்று ஏழெட்டுப் பேருக்குக் கூடப் போயிருக்கிறேன். இப்போது எந்த மெஷினைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். 15,000 முதல் 40,000 ரூபாய் வரை உள்ள மெஷின்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை வீட்டில்

கடைக்குக் கிளம்பும் முன் மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வீட்டில் நடக்கப் போகிறவர்களில் அதிக எடை உள்ளவர் யார்? அவர் எடையோடு 20 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். மெஷினின் அதிகபட்ச எடை அளவு அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். 85 கிலோ ஆள் என்றால் 105 கிலோவுக்கு மேல் தாங்கும் மெஷின். "100 கிலோ வரைக்கும் தாங்கும் சார்" என்பதற்கு, தினமும் 100 கிலோ ஆள் நடந்தாலும் நீண்ட நாள் உழைக்கும் என்று பொருள் கிடையாது.

இரண்டு, இடம். மெஷின் வைக்கிற இடத்தை மட்டும் அளந்தால் போதாது. பின்பக்கம் ஆறரை அடி, இரண்டு பக்கமும் ஒன்றரை அடி காலியாக இருக்க வேண்டும். கால் தவறினால் பெல்ட் உங்களைப் பின்னால்தான் தள்ளும். அங்கே சுவரோ பீரோவோ இருந்தால், விழுந்தவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்வார், பெல்ட் தோலைத் தேய்த்துக்கொண்டே ஓடும். நம் வீடுகளில் டிரெட்மில்லைப் படுக்கையறை மூலையில் சுவர்ப் பக்கம் பின்புறம் இருக்கும்படி வைக்கிறார்கள். நான் பார்த்ததிலேயே அதிகமான, ஆபத்தான தவறு இதுதான். ஆறரை அடி கிடைக்காவிட்டால், பின்னால் கதவு திறந்திருக்கும்படியாவது திருப்பி வையுங்கள்.

அப்படியே தலைக்கு மேலேயும் ஒரு பார்வை. மெஷினில் ஏறி நின்றால் அரை அடி உயர்ந்துவிடுவீர்கள். பழைய வீடுகளில் லாஃப்ட் விளிம்பு ஏழு அடியில் இருக்கும். வேகமாக நடக்கும்போது உடம்பு இன்னும் கொஞ்சம் எழும்பும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மே மாதம் அந்த அறைக்குள் பகலெல்லாம் சூடு தேங்கி நிற்கும். மோட்டார் போர்டு குளிர வழியே இருக்காது. மழைக்காலத்தில் ஒழுகினால் அதோடு முடிந்தது.

மூன்று, மின்சாரம். டிரெட்மில்லுக்கு 16 ஆம்ப் பிளக் வேண்டும். நாம் 15 ஆம்ப்ஸ் என்று சொல்லிப் பழகிய பெரிய பிளக்தான். அதற்கு எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்று ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகாது. பல வீடுகளில் அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. உலோகச் சட்டம், வியர்த்த கை, பெல்ட் உரசலில் சேரும் நிலைமின்சாரம் எல்லாம் ஒன்று சேரும் இடம் இது. கரண்ட் கசிந்தால் லைனைத் தானாக அணைக்கும், 30 மில்லிஆம்பில் டிரிப் ஆகும் ஈ.எல்.சி.பி. இல்லாத வீடு என்றால், டிரெட்மில் பட்ஜெட்டிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது. மெல்லிய ஒயர் சூடாகி உருகும். இன்வெர்ட்டர் லைனிலும் வேண்டாம், வீட்டு இன்வெர்ட்டர் இந்தச் சுமைக்கு ஆனதில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெரு என்றால் ஸ்டெபிலைசர் நல்லது. ஆனால் பிரிட்ஜுக்கு வைக்கும் சின்ன ஸ்டெபிலைசர் தாங்காது. மெஷினின் வாட்ஸைவிடத் தாராளமாகக் கூடுதலான கொள்ளளவு வேண்டும், ஏ.சி.க்கு வைப்பார்களே, அந்த அளவு.

ஹெச்.பி. கணக்கு

கடையில் முதலில் காட்டப்படுவது ஹெச்.பி.தான். 3, 4, 5 என்று ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பீக்' என்று இருக்கும். பீக் என்றால் ஒரு நொடி மூச்சைப் பிடித்துத் தூக்கும் பலம். நமக்கு வேண்டியது அரை மணி நேரம் தொடர்ந்து இழுக்கும் பலம். அதைத் தொடர் ஹெச்.பி. என்பார்கள்.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட்ஸ். 4 ஹெச்.பி. என்றால் 2,984 வாட்ஸ். 230 வோல்ட்டில் அதற்கு 13 ஆம்ப் கரண்ட் வேண்டும். இப்போது மெஷினின் பிளக்கைப் பாருங்கள். சில மெஷின்களில் மிக்ஸிக்கு வருவது போன்ற 6 ஆம்ப் சின்ன பிளக் இருக்கும். 6 ஆம்பை 230-ஆல் பெருக்கினால் 1,380 வாட்ஸ், அதாவது 1.85 ஹெச்.பி. அந்தப் பிளக் வழியாக அதற்கு மேல் தொடர்ந்து இழுக்கவே முடியாது. அப்புறம் 4 ஹெச்.பி. எங்கிருந்து வரும்?

அதனால் பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை விட்டுவிட்டு, மெஷினின் அடிப்பகுதியிலோ ஒயர் நுழையும் இடத்தருகிலோ ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட்டைத் தேடுங்கள். வோல்ட், வாட்ஸ் அல்லது ஆம்ப், அதிகபட்ச எடை, சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாட்ஸை 746-ஆல் வகுத்தால் உங்களுக்கு உண்மை நெருக்கமாகத் தெரிந்துவிடும். 1,100 வாட்ஸ் என்று இருந்தால் ஒன்றரை ஹெச்.பி.தான். மோட்டாரில் வெப்பமாகப் போவதைக் கழித்தால் இன்னும் குறையும். ரேட்டிங் பிளேட்டே இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நடக்க மட்டும் என்றால் தொடர்ச்சியாக ஒன்றரை முதல் 2 ஹெச்.பி. போதும். மெதுவாக ஓட வேண்டும் என்றால் இரண்டரை. அதற்கு மேல் தினமும் ஓடுகிறவர் இந்த விலையில் தேட வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் காசு சேர்த்துக்கொள்வதே நல்லது.

பெல்ட்டைத் தூக்கிப் பாருங்கள்

டேப்பை எடுங்கள். இரண்டு பக்கச் சட்டங்களையும் விட்டுவிட்டு, நடக்கும் பெல்ட்டை மட்டும் அளக்க வேண்டும். நடப்பவருக்கு 40 முதல் 42 சென்டிமீட்டர் அகலம், 110 முதல் 120 சென்டிமீட்டர் நீளம் போதுமானது. ஓடுவதற்கு 45 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் 130 சென்டிமீட்டர் நீளமும் வேண்டும். உயரமான ஆள் குட்டைப் பெல்ட்டில் நடந்தால் காலடியை அடக்கி அடக்கி வைப்பார், ஒரு வாரத்தில் முழங்கால் சொல்லிவிடும்.

பிளக்கைக் கழற்றச் சொல்லிவிட்டு, பெல்ட்டின் நடுப்பகுதி ஓரத்தில் விரலை விட்டுத் தூக்குங்கள். இரண்டு மூன்று அங்குலம் எழும்ப வேண்டும். எழும்பவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம், மோட்டாருக்கும் பேரிங்குக்கும் சுமை. தொளதொள என்று இருந்தால் கால் வைக்கும்போது வழுக்கும். தூக்கியபடியே அடியில் இருக்கும் பலகையைப் பாருங்கள். 15 மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமன் என்றால் 80 கிலோ ஆளுக்கு நாளடைவில் நடுவில் தொய்யும். 18 இருந்தால் நல்லது. மேற்பரப்பு கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும்.

முன் பின் ரோலர்களின் தடிமனையும் கேளுங்கள். 40 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. ரோலர் ஒல்லியாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் இறுக்கமாக மடங்கும், சீக்கிரம் வெடிக்கும்.

ஸ்பீக்கர், ப்ளூடூத், பெரிய ஸ்கிரீன் இதற்கெல்லாம் விலை கூட்டாதீர்கள். கலோரிக் கணக்கு, கைப்பிடியில் காட்டும் நாடித்துடிப்பு இரண்டும் தோராயம்தான். இதய நோயாளி அந்த எண்ணை நம்பி வேகத்தை மாற்றக் கூடாது.

ஏறி நடந்து பாருங்கள்

வீட்டிலேயே எடை அதிகமானவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். கடைக்காரர் வேகத்தை 8, 10 என்று ஏற்றிக் காட்டுவார். அதில் ஒன்றும் தெரியாது. கனமான ஆள் 1 அல்லது 2 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதுதான் மோட்டாருக்குக் கடினமான வேலை. ஒவ்வொரு முறை பாதம் பதியும்போதும் பெல்ட் ஒரு கணம் திக்கித் திக்கி நகர்ந்தால், அந்த மோட்டாரோ போர்டோ அவர் எடைக்குப் போதாது. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது.

பத்து நிமிடமாவது நடக்கட்டும். கூச்சப்பட வேண்டாம், கொடுப்பது உங்கள் பணம். பிறகு மோட்டார் மூடியில் கை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகும் வாடை, கடகட சத்தம் எதுவும் இருக்கக் கூடாது. கைப்பிடிகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். வயதானவருக்கு வாங்குகிறீர்கள் என்றால் கைப்பிடி முன்னால் ஒரு கம்பியாக மட்டும் இருந்தால் போதாது, பக்கவாட்டில் அவர் நிற்கும் இடம் வரை நீண்டு வர வேண்டும்.

கைப்பிடியே இல்லாமல் தட்டையாக வரும் வாக்கிங் பேட் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. மேஜைக்குக் கீழே வைத்து நடக்கும் இளைஞர்களுக்குச் சரி. அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு, தலைசுற்றல் உள்ளவருக்கு, சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அதை வாங்கிக் கொடுக்கவே கூடாது. விலை குறைவு என்று பெற்றோருக்கு அதை அனுப்பி வைக்கும் பிள்ளைகளிடம் நான் கெஞ்சியே கேட்டிருக்கிறேன்.

நிறுத்தும் சோதனைகள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். அப்பா விழுந்த அன்று எங்களுக்குத் தெரியாமல் போனதெல்லாம் இதில் இருக்கிறது.

முதலில் சேஃப்டி கீ. சிவப்பு நிறத்தில், கயிறும் கிளிப்புமாக இருக்கும். ஆள் ஏறாமல் பெல்ட்டை 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டு, கயிற்றை இழுங்கள். கீ கழன்றதும் பெல்ட் நிற்க வேண்டும். கீ இல்லாமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் அசையவே கூடாது. பிறகு கிளிப்பை இடுப்புத் துணியில் மாட்டி, நிற்கும் பெல்ட்டின் மேல் மெதுவாகப் பின்னால் நகருங்கள். பெல்ட்டின் கடைசி விளிம்புக்கு வரும் முன்பே கீ கழன்றுவிட வேண்டும். கயிறு அதைவிட நீளமாக இருந்தால் விழுந்த பிறகுதான் இழுபடும், அதனால் பயனில்லை. சில மெஷின்களில் காந்தம் பலவீனமாக இருந்து நடக்கும் அதிர்விலேயே கீ விழுந்துகொண்டிருக்கும். தொல்லை தாங்காமல் டேப் போட்டு ஒட்டி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது சீட் பெல்ட்டை வெட்டி எறிவதற்குச் சமம்.

அடுத்தது கரண்ட் போகும் சோதனை. தெருவில் எப்போது கரண்ட் போகும் என்று யாருக்கும் தெரியாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், மற்ற நேரத்தில் அறிவிப்பு ஏது? பெல்ட் ஆளில்லாமல் 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது சுவர் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். பெல்ட் சற்றே உருண்டு மெதுவாக நின்றால் நல்லது. பிரேக் போட்டது போல நின்றால் அந்த மெஷினில் நடப்பவர் கைப்பிடியை விடவே கூடாது என்று ஆகிவிடும். பிறகு ஸ்விட்சைத் திரும்பப் போடுங்கள். பெல்ட் அசையாமல் இருக்க வேண்டும், ஸ்கிரீன் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், மறுபடி ஸ்டார்ட் அழுத்தினால்தான் ஓட வேண்டும். கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் மெஷின் என்றால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் சில சமயம் சம்மதிக்க மாட்டார். "போர்டு போயிடும் சார்" என்பார். ஒரே ஒரு முறை ஸ்விட்ச் அணைத்ததற்குப் போகும் போர்டு, நம் வீட்டில் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அவரையே கேளுங்கள்.

மூன்றாவது, தொடக்கம். 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, மறுபடி ஸ்டார்ட் அழுத்துங்கள். 3, 2, 1 என்று எண்ணிவிட்டு 1 கிலோமீட்டர் வேகத்தில், அல்லது அதற்கும் கீழே தொடங்க வேண்டும். 6, 9 என்று நேரடி வேகப் பட்டன்கள் இருந்தால் அவற்றை அழுத்தும்போது வேகம் படிப்படியாக ஏறுகிறதா, தாவுகிறதா என்று பாருங்கள். கை தவறிப் படும் இடத்தில் அந்தப் பட்டன்கள் இருந்தால் வயதானவருக்கு ஏற்றதல்ல.

மடக்கும் மெஷின் என்றால், நிமிர்த்திப் பூட்டிவிட்டு நன்றாக ஆட்டிப் பாருங்கள். இறக்கும்போது பலகை தானாக மெல்ல இறங்க வேண்டும். 40, 50 கிலோ இரும்பு ஒரு குழந்தை மேல் விழுவதை நினைத்துப் பார்த்துச் சோதியுங்கள்.

குழந்தை, புடவை, வெறுங்கால்

மெஷினின் பின்பக்கம், பெல்ட் ரோலரைச் சுற்றி அடியில் நுழையும் இடத்தைக் குனிந்து பாருங்கள். குழந்தைகளின் கை அங்கேதான் மாட்டும். உரசல் சூட்டில் உள்ளங்கைத் தோல் உரிந்து போகும். ரோலரின் இரண்டு முனைகளிலும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

விலை உயர்ந்தது பாதுகாப்பானது என்றும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் 4,000 டாலருக்கு மேல் விற்ற பெலோட்டான் டிரெட் பிளஸ் மெஷின் 2021 மே மாதம் திரும்பப் பெறப்பட்டது. பெரியவர்களும் குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் பொருள்களும் பின்பக்கமாக அடியில் இழுக்கப்பட்டதாக 70-க்கும் மேற்பட்ட புகார்கள், ஒரு குழந்தையின் உயிரும் போயிற்று. உருண்டு வந்த பந்தை எடுக்கக் குழந்தை பின்னால் வருவதை முன்னால் பார்த்து நடப்பவரால் கவனிக்க முடியாது. வீட்டில் குழந்தை இருந்தால் அறைக் கதவைச் சாத்திவிட்டு நடங்கள். முடிந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள், சேஃப்டி கீயைச் சாமி மாடத்தின் மேலோ பீரோவிலோ கை எட்டாத இடத்தில் வையுங்கள். தொங்கும் கயிறுகூடக் குழந்தையின் கழுத்துக்கு ஆபத்துதான்.

புடவைக் கொசுவம், துப்பட்டா, தரையைத் தொடும் நைட்டி, வேட்டி நுனி எதுவும் பெல்ட்டின் அருகே வரக் கூடாது. சித்திக்கு இதைச் சொன்னபோது முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது பழைய சுடிதாரின் கால்சட்டையும் டீ சர்ட்டுமாக நடக்கிறார். வெறுங்காலில் நடக்கும் பழக்கம் நமக்கு உண்டு, ஆனால் பெல்ட்டில் வேண்டாம். நிற்கும் பெல்ட்டின் மேல் நின்றபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இரண்டு பக்கச் சட்டத்திலும் கால் வைத்து நின்று, பெல்ட் மெதுவாக நகரத் தொடங்கிய பிறகு இறங்குங்கள்.

வாரண்டியும் சர்வீஸும்

'மோட்டாருக்கு 5 வருட வாரண்டி' என்று எழுதியிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். மோட்டார் சீக்கிரம் போவதில்லை. போவது போர்டு, பெல்ட், ஸ்கிரீன். போர்டுக்கு எத்தனை மாதம், ஆள் வந்து பார்ப்பதற்குக் கட்டணமா, பெல்ட் உண்டா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அதைவிட முக்கியம், ஆள் எங்கிருந்து வருவார்? சென்னை 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சர்வீஸ் ஆள் அங்கிருந்து நாலைந்து வேலை சேர்ந்த பிறகு வேலூர் வருகிறார் என்றால் மூன்று வாரம் மெஷின் துணி காயப்போடும் கொடியாக நிற்கும். குடியாத்தம், ஆற்காடு, ஆரணி பக்கம் இருப்பவர்கள் தங்கள் பின்கோடைச் சொல்லியே கேட்க வேண்டும். வாங்கும் முன்பே சர்வீஸ் நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். வாங்குவதற்கு முன் எடுக்காதவர்கள் வாங்கிய பிறகு எடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த விலையில் பல பிராண்டுகள் சீனத் தொழிற்சாலைகளில் செய்து, மேலே பெயர் மட்டும் ஒட்டி வருபவை. ஒரே உடம்பு, வெவ்வேறு ஸ்டிக்கர். அதனால் நான் பிராண்டைவிட உதிரிபாகம் கிடைக்கும் கடைக்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

ஆன்லைனில் வாங்கினால் ஏறிப் பார்க்க முடியாது. அதே மாடலை வைத்திருப்பவர் வீட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் விதியை முழுதாகப் படியுங்கள். பெட்டி திறப்பதை வீடியோ எடுங்கள், மாடிப்படி ஏற்றிக் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் ஆள் ஏறாமல் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பெல்ட் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் ஒதுங்கினால், பின் ரோலரின் இடப்பக்க போல்ட்டை எல் வடிவ ஆலன் கீயால் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்க போல்ட். ஒரேயடியாக முழுச் சுற்றுத் திருப்பினால் பெல்ட் ஓரம் கிழியும்.

ஸ்கிரீன் காட்டும் வேகம் சரியா என்பதைச் சாக்பீஸை வைத்தே கண்டுபிடிக்கலாம். மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர். பெல்ட்டின் முழுச் சுற்று நீளம் கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் நகர்த்தி அளக்கலாம். அது இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 3 கிலோமீட்டரில் ஓடவிட்டு எண்ணினால் நிமிடத்துக்கு 20 முறை அந்தக் கோடு வர வேண்டும். 19 வந்தால் பரவாயில்லை. 16 வந்தால் நீங்கள் நடந்ததாக நினைக்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பொய். ஆள் ஏறி நடக்கும்போதும் ஒருமுறை வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள். அப்போது மட்டும் எண்ணிக்கை மிகவும் குறைந்தால் மோட்டார் திணறுகிறது. திருப்பித் தர அவகாசம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கையேடு சொல்வதைக் கேளுங்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெல்ட்டுக்கு அடியில், சுத்தமான சிலிக்கான் ஆயில். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே இவற்றைப் போட்டால் பெல்ட் ஊறிக் கெட்டுப்போகும், தூசியும் களிம்பு போல ஒட்டும். காய்ந்த பெல்ட் பலகையை உரச உரச மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், அந்தக் கரண்ட்தான் கடைசியில் போர்டை எரிக்கும். சர்வீஸ் ஆள் வந்தால், நடக்கும்போது எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை அது ஏறியிருந்தால் எண்ணெய் வறண்டிருக்கிறது, அல்லது பலகை தேய்ந்திருக்கிறது.

நம் ஊர்த் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, மோட்டார் மூடியைத் திறந்து தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். போர்டில் கரண்ட் சற்று நேரம் தங்கியிருக்கும் என்பதால்தான் அந்தக் காத்திருப்பு. கை பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் இதே சோதனைகள்தான். கூடவே, பெல்ட்டைத் தூக்கிப் பலகையைத் தடவிப் பாருங்கள். நடுவில் சொரசொரப்போ பள்ளமோ இருந்தால் பலகையும் பெல்ட்டும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

பழுதாகி, பதில் சொல்லாவிட்டால்

எங்கள் முதல் மெஷினுக்கு நான் போனில் மட்டும் பேசி ஏமாந்தேன். எழுத்தில் எதுவும் இல்லாததால் புகார் கொடுத்த தேதியைக்கூட என்னால் நிரூபிக்க முடியவில்லை. நீங்கள் மெயிலில் எழுதுங்கள். பில், ரேட்டிங் பிளேட், சீரியல் நம்பர், பழுதின் வீடியோ எல்லாம் இணைத்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது மெஷின் எங்கள் கூடத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது, பின்னால் ஏழு அடி காலி இடத்தோடு. அப்பா காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம் நடக்கிறார். நாள்காட்டியில் எண்ணெய் விட்ட தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பதும் அவரே.